சுவரில் ஒட்ட வந்த என் முகம்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்வது என் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சுருட்டிய போஸ்டர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, நன்றாகத் தேய்த்த சட்டை. ஒட்டுவதற்கு டாக்டரிடம் போனிலேயே அனுமதி வாங்கிவிட்டதாகச் சொல்லி, ஒன்றை என் மேஜைமேல் விரித்தார்.

உதட்டுப் பிளவுடன் பிறந்த குழந்தைகளுக்கு இலவச ஆபரேஷன் என்று மேலே பெரிய எழுத்து. கீழே ஒரே குழந்தையின் இரண்டு படங்கள். இடது பக்கப் படத்தில் மேலுதடு மூக்குத் துவாரம் வரை பிளந்து, ஈறும் இரண்டு பல்லும் வெளியே தெரிந்தன. வலது பக்கப் படத்தில் உதடு ஒட்டி, ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. மஞ்சள் கவுன், ரெட்டைச் சடை, காது குத்தின துளையில் வேப்பங்குச்சி.

அந்தக் குழந்தை நான்.

"டேப் இருக்குதுங்களா அம்மணி?" என்று பெரியவர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் கேனுக்குப் பக்கத்துச் சுவரில் அவர் ஒட்டும்போது ஒரு மூலையை நானே பிடித்துக்கொண்டேன். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மேலுதட்டில் இன்றும் மெல்லிய கோடு ஒன்று உண்டு. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தையல் போட்டது என்று கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மா சொன்னாள். நானும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். என் மகள் வயிற்றில் இருந்தபோது, எங்கள் டாக்டரிடம் மட்டும் தனியாக, "உதட்டை நல்லாப் பாருங்க மேடம்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். இத்தனை வருஷத்தில் அந்த உண்மைக்குப் பக்கத்தில் நான் போனது அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் வரை வேலை ஓடவில்லை. ஸ்கேனுக்கு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் போஸ்டரைப் பார்ப்பார்கள், பிறகு ரிப்போர்ட் வாங்க என் முன்னால் நிற்பார்கள். ஒவ்வொருத்தி கண்ணும் என் வாயில் நின்றது போலத் தோன்றியது. எக்ஸ்ரே எடுக்கும் பெண் தண்ணீர் பிடிக்கும்போது படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாவம்க்கா, இல்ல?" என்றாள். எனக்குத் தெரியட்டும் என்றே சொல்கிறாளோ என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் உள்ளே போனதும் போஸ்டரைக் கிழித்தெடுத்து, பிரிண்டர் பேப்பர் கட்டுக்கு அடியில் செருகினேன்.

என்னைக் குடைந்த விஷயம் வேறு. அந்தக் கவுனும் கண்ணாடியில் பார்த்த அந்த உதடும் எனக்கு மறக்கவில்லை, ஆனால் ஆறு வயது வரை எடுத்த படம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கேட்டபோதெல்லாம், "அப்ப ஏது கண்ணு போட்டோ புடிக்கற வசதி" என்பாள் அம்மா. அப்படியானால் இந்தப் படத்தை யார் எடுத்தது? யார் கொடுத்தது? முப்பது வருஷமாக எத்தனை சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்? குழந்தைகளை வைத்துப் பெயர் வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் சென்டரிலேயே, ஒரு குழந்தைக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுக்கப் பத்துப் பேர் கைநீட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்ட கூட்டம் வந்ததுண்டு. இவர்களும் அதே ஜாதி என்று முடிவு கட்டிவிட்டேன்.

போஸ்டரில் கோட்டைமேட்டு முகவரி ஒன்று இருந்தது. சனிக்கிழமை வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டுப் போனேன். போர்டு மாட்டிய ஆபீஸை எதிர்பார்த்தேன். ஸ்கூல் பையும் குடையும் தொங்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. அந்தப் பெரியவர்தான் முதலாளி. அவருக்கு என்னை நினைவிருந்தது, ஸ்கேன் சென்டர்க்காரி என்ற அளவில்.

"வாங்கம்மா, உக்காருங்க. போஸ்டர் கிழிஞ்சுபோச்சுங்களா?"

பக்கத்து வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருக்கிறது, உங்களைப் பற்றி விசாரிக்கச் சொன்னார்கள் என்று பொய் சொன்னேன். அவர் சந்தேகப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

"எப்ப ஆரம்பிச்சீங்க இதை? எதுக்காக ஆரம்பிச்சீங்க?" என்றேன். குரல் போலீஸ்காரி குரல் மாதிரி எனக்கே கேட்டது.

அவர் தங்கைக்கு முதல் குழந்தை உதடும் அண்ணமும் பிளந்து பிறந்ததாம். பால் உறிஞ்ச முடியாமல் மூன்றாவது மாதமே போய்விட்டதாம். அதற்கப்புறம்தான், இந்த ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் இதைக் காசு வாங்காமல் சரிசெய்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. "டாக்டர் இருக்காரு, கட்டில் இருக்குது. குழந்தைங்கதான் வரலை. ஊட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தாங்க. கிரகணத்துல வெளிய போனதால வந்துச்சுன்னு சொல்லி பெத்த பொண்ணுகளையே திட்டிட்டு இருந்தாங்க. நாமளே போயித் தேடிக் கூட்டிட்டு வரலாம்னு நாங்க மூணு பேரு கெளம்பினோம்."

மற்ற இருவரில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை, இன்னொருவர் மெக்கானிக். மெக்கானிக்கின் பழைய ஆம்னி வேன்தான் வண்டி. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். முதல் வருஷம் ஒரு குழந்தைகூட வரவில்லை. சத்தியமங்கலம் பக்கம் ஒரு ஊரில், பிள்ளை பிடிக்க வந்தவர்கள், கிட்னி திருடுகிறவர்கள் என்று சொல்லி மூன்று பேரையும் பால் சொசைட்டி அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். போலீஸ் வந்து விடுவித்திருக்கிறது.

"அவங்களைத் தப்புச் சொல்ல முடியாதுங்க. தொப்பி போட்ட ஒருத்தன் வேன்ல வந்து, குழந்தையைக் குடுங்க, உதட்டை வெட்டித் தெச்சுக் குடுக்கறோம்னா யாரு குடுப்பா?" என்று அவரே சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "அப்பறம் எப்படி நம்புனாங்க?"

"தாராபுரத்துப் பக்கம் ஒரு அம்மா" என்று ஆரம்பித்தார்.

என் ஊர். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவங்க ஊட்டுக்கு ரெண்டு தடவை போனோமுங்க. முதல் தடவை அந்த ஊட்டுக்காரரு நாயை அவுத்து உட்டாரு. ரெண்டாவது தடவை கதவே தெறக்கலை. அப்பறம் ஒரு நா அந்தம்மா தனியா பஸ் ஏறி இங்க வந்திருக்கு. அதோ, எதிர்த்த டீக்கடை வாசல்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னு என்னையவே பார்த்துட்டு இருந்துச்சு. நான் யாருக்குப் பை விக்கறேன், யாருகிட்டப் பேசறேன், எல்லாம். கடை சாத்தற நேரத்துல உள்ள வந்து, 'ஏனுங்க, நீங்க மெய்யாலுமே பைதான் விக்கறீங்களா?'ன்னு கேட்டுச்சு பாருங்க!"

அம்மாவின் குரல் அப்படியே அவர் வாயில் இருந்தது.

"அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போயி, கட்டில் கட்டிலா விசாரிச்சிருக்கு. அப்பறம்தான் குழந்தையைக் கூட்டிட்டு வந்துச்சு. ஆறு வயசுப் பொண்ணு. ஆபரேஷன் முடிஞ்சு தையல் பிரிச்ச அன்னிக்கு, ஆஸ்பத்திரியில முந்தியும் பிந்தியும் எடுத்த ரெண்டு போட்டோவை என்ற கையில குடுத்து, 'இதைக் காட்டுங்க, நம்புவாங்க'ன்னுச்சு. அதோட நிக்கலீங்க. நாலு வருஷம், மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை, எங்க கூட வேன்ல வந்துச்சு. நாங்க பேசினா கதவு தெறக்காது. அது போயி போட்டோவைக் காட்டி, இது நான் பெத்ததுன்னு சொன்னாத் தெறக்கும். இந்த அமைப்பை நாங்க ஆரம்பிச்சோம்னு நோட்டீஸ்ல எழுதியிருக்குது. ஓட்டினது அந்தம்மாதான்."

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. காங்கேயத்துச் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மா விடியும் முன்பே கிளம்புவாள். இருட்டிய பிறகு, புடவையெல்லாம் புழுதியாகத் திரும்புவாள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சித்தி ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்து, "உங்கம்மா எங்க ஊட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து ஒரு வருஷமாச்சு" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மாவை வேவு பார்க்க ஆரம்பித்தேன். அவள் பையைத் துழாவினேன். அவளுக்கு வேறு ஆள் இருக்கிறான் என்று ஒன்பது வயதில் நம்பினேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார் போல. ஒரு வாரம் அவள் கையால் சாப்பிடாமல் ஓட்டலில் சாப்பிட்டார். அதன் பிறகு அம்மாவின் பயணங்கள் நின்றன. அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. நான் அம்மாவை மனதார நம்புவதை அந்த வயதிலேயே நிறுத்தியிருந்தேன்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குதோ" என்றார் பெரியவர். "நல்லா இருக்கணும்."

"உங்க முன்னாடிதான் உக்காந்திருக்குது" என்றேன். "அந்தப் படத்தை எல்லா இடத்துல இருந்தும் எடுத்துப்போடுங்க."

அவர் முகம் மலர்ந்ததும் வாடியதும் ஒரே நேரத்தில் நடந்தன. எழுந்து நின்றுவிட்டார். என் உதட்டைப் பார்க்கப் போன கண்ணைச் சட்டென்று தாழ்த்திக்கொண்டார். "அம்மா சம்மதத்தோடதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "உங்களைக் கேக்கலீங்க. கேட்டிருக்கோணும். எடுத்துப்போடறேன்."

அடுத்த ஞாயிறு தாராபுரம் போனேன். அம்மா கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். கோட்டைமேடு என்ற வார்த்தையைச் சொன்னதுமே அவள் கை நின்றுவிட்டது.

"ஏம்மா என்கிட்டச் சொல்லலை?"

"உங்கப்பனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். ஆபரேஷன் முடிஞ்சா இந்தப் பேச்சே ஊட்டுல வரக் கூடாது, ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு."

"அதுக்காக அப்பா சந்தேகப்படட்டும்னு உட்டுட்டியா?"

"பட்டுட்டுப் போகட்டும்னு இருந்தேன்." அவள் காயை மறுபடி கிள்ள ஆரம்பித்தாள். "ஒவ்வொரு ஊருலயும் ஒருத்தி குழந்தை மூஞ்சியை முந்தானையில மூடிட்டு நிப்பா. ஆறு வருஷம் நான் நின்ன மாதிரியே. அவகிட்ட என்னத்தைச் சொல்லி நம்ப வெக்கறது? போட்டோ ஒண்ணுதான் இருந்துச்சு."

"என்னைக் கேட்டியா?"

"உனக்கு ஆறு வயசு கண்ணு."

"அப்பறம் இருபது வயசாச்சு. முப்பதாச்சு. கல்யாணத்துல சைக்கிள்ல விழுந்ததுன்னு சொன்னே. வேன்ல ஏறிட்டு ஊரு பூரா உண்மையைச் சொல்லியிருக்கறே. என்கிட்ட மட்டும் வாயைத் தெறக்கலை."

அம்மா காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள், அவ்வளவுதான். பஸ் ஏற்றிவிட வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று, "கேக்காமப் போனது தப்புதான்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

இனி மறைக்கக் கூடாது என்று அந்த வாரமே கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்றோ, அணைத்துக்கொள்வார் என்றோ நினைத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. "இன்னும் என்னென்ன இருக்குது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. சில மாதங்கள் என் போன் அடித்தால் அவர் தலை திரும்பியது. அம்மாவை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படியே அவர் என்னைப் பார்த்தார். குறை சொல்ல எனக்கு வாயில்லை. மெதுவாகத்தான் சரியானது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

பெரியவர் சொன்னபடி, ஸ்கூட்டரில் தெருத்தெருவாகப் போய்ப் போஸ்டரைக் கிழித்து வந்தாராம். நான் அதையும் நம்பவில்லை. வேலை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போய்ப் பார்த்தேன். வடவள்ளியில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் ஒன்று மிச்சமிருந்தது. அதைப் போனில் படமெடுத்து, அங்கேயே நின்று அவரைக் கூப்பிட்டேன்.

"அந்தத் தெரு உட்டுப்போச்சுங்க அம்மணி, இப்பவே வாரேன்" என்றார். முக்கால் மணி நேரத்தில் வந்தார். அந்த வயதில், மழையில். அவர் நகத்தால் டேப்பைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உதவவில்லை.

ஆறு மாதம் கழித்து அவரே போன் செய்தார். சத்தியமங்கலத்துக்கு வெளியே ஒரு தம்பதி. நாலு மாதப் பெண் குழந்தை. இப்போது வேனில் போகிற இளம் ஆட்கள் இரண்டு முறை பேசியும் அப்பன்காரன் விடவில்லையாம். "கட்டாயமில்லீங்க. நீங்க ஒரு தடவை வந்து பேசினா..."

இதற்காகத்தான் இத்தனை மரியாதையா, போஸ்டருக்குப் பதிலாக என்னையே கூட்டிப்போய் நிறுத்தப் போகிறார்களா என்று முதலில் தோன்றியது. யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்றேன். சரி என்றார். அதை எழுதித் தரச் சொன்னேன். பை விற்ற பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த அப்பனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வாழைக்காய் மண்டியில் வேலை. வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினான். குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"நீங்க எந்த ஆஸ்பத்திரிங்க?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க. ஸ்கேன் சென்டர்ல டைப் பண்றேன்."

"அப்ப எதுக்குங்க வந்தீங்க?"

"எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு."

"அதை யாரு வேணும்னாலும் சொல்லலாமுங்க."

போன் டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தான். கண் கூசியது. "இது உழுந்து அடிபட்டதாட்ட இருக்குது" என்றான். நானே இத்தனை வருஷம் சொன்ன பொய் அது.

"பழைய போட்டோ இருக்குதுங்களா?" என்று உள்ளேயிருந்து அவன் மனைவி கேட்டாள்.

அழித்துவிடவேண்டும் என்று நினைத்து அழிக்காமலே விட்டிருந்த அந்த வடவள்ளிப் படத்தைப் போனில் திறந்து அவளிடம் நீட்டினேன். அவள் வெளியே வந்தாள். முந்தானைக்குள் குழந்தை இருந்தது. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "தொட்டுப் பார்க்கட்டுங்களா அக்கா?" என்றாள். தலையாட்டினேன். ஆட்காட்டி விரலால் என் உதட்டின் கோட்டைக் கீழிருந்து மூக்கு வரை தடவினாள். அந்த இடத்தை அதுவரை என் கணவர்கூட அப்படித் தொட்டதில்லை. பிறகு அவள் முந்தானையை விலக்கிக் குழந்தையைக் காட்டினாள்.

அப்பன்காரன் அன்று சம்மதம் தரவில்லை. நாங்கள் வேனில் ஏறும்போது ஓடிவந்து, "உங்களுக்கு யாருங்க சம்பளம் தர்றது?" என்று கேட்டான். யாரும் தருவதில்லை என்றேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனான். இவன் வரமாட்டான் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்து வாரம் கழித்து வந்தார்கள். ஆபரேஷன் அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அம்மாவும் தாராபுரத்திலிருந்து வந்திருந்தாள், நான் கூப்பிடாமலே. அவளுக்கு யார் சொன்னது என்று கேட்கவேண்டும் என்று நினைத்து, விட்டுவிட்டேன். குழந்தையைப் பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு டம்ளரில் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்பன்காரன் உட்காரவே இல்லை. தியேட்டர் கதவுக்கு நேராக நின்று, உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு வேறு வாசல் இருக்கிறதா என்று துப்புரவுப் பெண்ணிடம் இரண்டு முறை கேட்டான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கதவு திறந்து, பச்சைத் துணியில் சுற்றிய குழந்தையோடு நர்ஸ் வந்தார். முகத்தைப் பார்க்க நாங்கள் எல்லோரும் எட்டினோம்.

அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ்ப்பக்கத்துத் துணியை விலக்கி, குழந்தையின் இடது உள்ளங்காலைத் திருப்பினான். அங்கே நீலப் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. உள்ளே அனுப்பும் முன்பு யாருக்கும் தெரியாமல் அவனே போட்டது. மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே என்று.

"என்ன தம்பி இது?" என்றார் நர்ஸ்.

"நம்ம குழந்தைதான்" என்றான் மனைவியைப் பார்த்து. அதற்குப் பிறகுதான் மெதுவாகக் கண்ணை மேலே கொண்டுபோனான்.